எழுந்து நின்ற மரியாதை

தபால்காரி செண்பகவல்லி சைக்கிளில் உட்கார்ந்ததும் "அம்மா!" என்று எழுந்து, நின்றபடியே மிதிப்பாள். மொத்தப் பாரமும் தாங்கிப் பெடலுக்கு இடுப்பே விட்டுப்போனது.

"ஏன்தான் உட்கார மாட்டேங்கிறாளோ?" என்று புலம்பியது பெடல்.

"மரியாதை தெரிஞ்சவ. என் மேல உட்காரக் கூசுறா" என்றது ஒல்லி சீட்டு.

ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, ஒருநாள் அகலச் சீட்டும் சைக்கிள் ஓட்டப் போடும் மெத்தை தைத்த ஷார்ட்ஸும் வாங்கி வந்தாள். ஒல்லி சீட்டு கழன்று மூலைக்குப் போனது.

அன்று கடைசி வீடு வரைக்கும் உட்கார்ந்தே போனாள். பாட்டு வேறு.

"மகராசியா இருக்கணும் அக்கா!" என்று அகலச் சீட்டை வாழ்த்தியது பெடல்.

"பாதிப் புண்ணியம் ஷார்ட்ஸுக்குடா" என்றது அகலச் சீட்டு.

வீடு திரும்பியதும் மூலையிலிருந்து ஒல்லி சீட்டு பரிதாபமாகக் கேட்டது: "உன் மேல ஏறி உட்கார்ந்தே விட்டாளா? அடப் பாவமே!"