விழாத ரேகை

விசா அலுவலகத்தின் ரேகைக் கருவியில் ஏழாவது முறையாகக் கட்டைவிரலை அழுத்துகிறேன். ஏழாவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிகிறது. "ரேகையே விழலையே ஐயா," என்கிறாள் கவுண்டர் பெண். எப்படி விழும்? ஏற்றுமதிக் குழாய்களுக்கு நாற்பது வருடம் பாலிஷ் போட்ட கை. நான் தேய்த்த குழாயில் உட்கார்ந்த ஈ ஒன்று வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "வெந்நீர்ல கழுவிட்டு வாங்க, இதான் கடைசித் தடவை. இன்னிக்கு விழலைன்னா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான்." மகள் இருக்கும் நாட்டில் அவளுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன்; துணைக்கு என்னை விட்டால் ஆளில்லை. கழிப்பறைக் குழாயைத் திருப்பியதும் வெந்நீர் தாராளமாகக் கொட்டுகிறது. என் வீட்டில் பச்சைத் தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள்தான். குழாயின் கழுத்தில் எங்கள் பட்டறை முத்திரை. தோல் சிவக்கக் கழுவிவிட்டு வந்து மறுபடி அழுத்துகிறேன். சிவப்பு. "ஏம்மா, நான் தேய்ச்ச குழாயெல்லாம் அந்த நாட்டுக்குள்ள போயிருக்கே, அதுங்ககிட்ட யாரும் ரேகை கேக்கலையா?" அவள் கருவியின் கண்ணாடியில் விழாத என் ரேகையை ஒரு துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறாள்.