காதில் படிந்த கரி

"ரனியேரி தப்புப் பண்ணிட்டான்."

கோயில் சுவரிலிருந்த பழைய மாதா படத்துக்கு எதிரே, ஏணியின் உச்சியில் நின்றபடி உபால்டோ இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல நாக்கில் தேன் ஊறியது அவருக்கு.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அர்மிதா அண்ணாந்து பார்த்தாள். அந்த மலையூரில் ரொட்டிக்கடை அவளுடையது. கோயில் சாவியும் அவளிடம்தான்.

"அவ்வளவு பெரிய ஆளுங்களா ஐயா அவரு?"

"ஃப்ளாரன்ஸ்ல வந்து கேளு. பேர் போடாத படத்தை இன்னார் வரைஞ்சதுன்னு அவன் சொன்னா, சொன்னதுதான். வர்ற சனிக்கிழமை அவனுக்குப் பதக்கம் போடறாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி. கை தட்டறதுக்கு."

"பொறாமையா இருக்குதோ?"

"எனக்கா? அவன்மேலயா?" ஏணி கிரீச்சென்றது.

அவரும் ரனியேரியும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். 'படம் வரைகிறவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைவான், காசு கொடுத்தவன் முகத்தைத்தானே பார்க்கப்போகிறான். காதையும் நகத்தையும் கை தன் பழக்கத்துக்குப் போட்டுவிட்டுப் போகும். காதைப் பார், ஆள் அகப்படுவான்' என்பார் வாத்தியார். அதே பாடத்தை வைத்து ரனியேரி பேர் வாங்கினார். உபால்டோ கண்டுபிடித்ததெல்லாம் ரனியேரியின் புத்தகங்களில் அடிக்குறிப்பாகப் போய் உட்கார்ந்தது. முப்பது வருஷமாக அந்தப் பொடியெழுத்து இவர் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். இதே மாதா படம். யாருக்கும் சொல்லாமல் ஆவணக் காப்பகத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

"பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கான் பாரு. 'உள்ளூர்க்காரன் எவனோ வரைந்தது. பொருட்படுத்த வேண்டியதில்லை.' கீழே கையெழுத்து வேற. இருபது வருஷமாச்சு. இதை நம்பி ஒருத்தனும் இந்த மலை ஏறலை. நான் ஏறினேன்."

பஞ்சை வாயில் வைத்து நனைத்து, மாதாவின் இடது காதைத் துடைத்தார்.

"எச்சிலாலயா துடைக்கிறீங்க, எங்க மாதாவை?"

"இதைவிட நல்ல மருந்து கிடையாதும்மா. ஃப்ளாரன்ஸ்ல பெரிய பெரிய படத்துக்கெல்லாம் இதுதான்."

நாலு பஞ்சு கறுத்தது. ஐந்தாவதில் காது தெரிந்தது. மடலின் அடியில், மாவை விரலால் கிள்ளிவிட்ட மாதிரி ஒரு சின்ன மடிப்பு. அப்படிக் காது போட்டவன் உலகத்தில் ஒரே ஒருத்தன். நிக்கோலோ. செத்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. இதுவரை அகப்பட்டது ஏழே படம்.

இது எட்டாவது.

உபால்டோ புகைப்படத்தைத் தலைக்குமேல் தூக்கினார்.

"சனிக்கிழமை அவன் கழுத்துல பதக்கம் ஏறட்டும். ஏறின உடனே எந்திரிக்கிறேன். சபை நடுவுல இந்த போட்டோவைத் தூக்கிக் காட்டி, காதைப் பாக்கத் தெரியாத ஆளுக்கா இந்த மரியாதைன்னு கேக்கறேன்."

"பாக்காம இல்லைங்க," என்றாள் அர்மிதா.

"என்ன?"

"அவரும் இதே ஏணிதான். இதே எச்சில்தான். அப்பவும் நான்தான் பிடிச்சிட்டு நின்னேன், வயித்துல எட்டு மாசம். காதைப் பாத்ததும் மனுஷன் அழுதுட்டாரு. 'நிக்கோலோ, இங்கேயாடா இருக்கே'ன்னு படத்தோட பேசினாரு."

உபால்டோ மெல்ல ஏணிப் படியிலேயே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுமா இப்படி எழுதினான்?"

"கீழூர் மாதாவையும் ஒருத்தர் வந்து பாத்து, பெரிய கை வரைஞ்சதுன்னு எழுதினாருங்க. மறுமாசமே லாரி வந்திருச்சு. பத்திரமா வச்சுக்கறோம்னு டவுன் மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்த ஊர்ப் பொம்பளைங்க பிரசவத்துக்கு முன்னாடி மாதா பாதத்தைத் தொடணும்னா, பஸ் ஏறிப் போயி, டிக்கெட் வாங்கி, கயித்துக்கு இந்தாண்டை நிக்கணும். தொடக்கூடாதுன்னு காவக்காரன் வேற. இதை நான் சும்மா பேச்சுவாக்குல அவர்கிட்டச் சொன்னேன். அவரு என் வயித்தைப் பாத்தாரு."

"அப்புறம்?"

"பீடத்துல இருந்த மெழுகுவர்த்தியை எடுத்துத் தரச் சொன்னாரு. காதுகிட்டப் பிடிச்சுப் புகை போட்டாரு. 'இதை எந்தச் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்றது'ன்னு முனகிட்டே இறங்கிப் போனாரு."

உபால்டோ திரும்பிப் படத்தைப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் காலத்தின் பழுப்பு. காதைச் சுற்றி மட்டும் ஒரு கன்னங்கரிய வட்டம். காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் சந்தேகம் வலுத்ததே அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

முப்பது வருஷத்தில் ரனியேரி செய்த ஒரே தப்பு. அதுவும் தப்பில்லை என்று ஆகிவிட்டது.

"சனிக்கிழமை பேசுவீங்களா ஐயா?" அர்மிதாவின் கை ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவர் புகைப்படத்தை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"போயி ஒரு மெழுகுவர்த்தி எடுத்துட்டு வாம்மா," என்றார் எரிச்சலோடு. "இதைக்கூட அவனுக்கு ஒழுங்காச் செய்யத் தெரியலை."