கரடி டாக்டரின் கைராசி

காட்டில் கரடி டாக்டர் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். முள் ஏறிச் சீழ் வைத்த காலோடு ஒரு கழுதை அங்கே நொண்டிக்கொண்டே போனது.

"காலையே எடுத்துடுவாரோ?" என்று கம்பவுண்டர் குரங்கிடம் கேட்டது.

"அட, பயப்படாதீங்க அண்ணே! எங்க டாக்டர் கை பட்டாலே போதும். உட்காருங்க, வந்துடுவார்."

"எங்கே போயிருக்கார்?"

"அவர் குட்டிக்கும் கால்ல முள்ளு குத்திடுச்சு. யானை டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடியிருக்கார்."

கழுதை உட்காரவில்லை. மூன்று காலிலேயே தத்தித் தத்தி யானை ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றது.

முன்னால் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற கரடி, திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"ஏம்ப்பா, என் ஆஸ்பத்திரியைப் பக்கத்திலேயே வச்சுக்கிட்டு இங்கே வந்து நிக்கிறியே, உனக்கே நல்லாயிருக்கா?"