அடுத்த மாசமும் வாங்க

“இன்னைக்காவது நல்ல செய்தி இருக்கா ஐயா?”

ஈரக் குடையை மடக்கியபடியே கேட்டார் அழகர். கண்டி நகரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது வரி ஆலோசகர் ஸெய்னுலாப்தீனின் அறை. வந்தவர்களுக்கென்று அங்கே போட்டிருந்தது இரண்டே கதிரைகள். ஒன்றில் அழகரின் அக்கா நல்லம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை.

“இருங்க, முதல்ல மூச்சு வாங்குங்க” என்றார் ஸெய்னுலாப்தீன். “உங்கட விஷயம் இன்னம் முடியல்ல. அடுத்த மாசமும் ரெண்டு பேரும் ஒருக்கா வந்துட்டுப் போகணும்.”

“இதையேதான் போன மாசமும் சொன்னீங்க. அந்த அபராதத்தக் கட்டுறதுன்னா நான் கெலிஓயாவுல இருக்கிற என் கடையத்தான் இழுத்து மூடணும்!”

“சும்மா இரு தம்பி” என்றாள் நல்லம்மா. “இவரு என்ன செய்வாரு? வரி ஆபீஸ்லயும் ஆயிரம் வேலை இருக்கும். மெதுவாவே பாக்கட்டும்.”

பஸ் கொஞ்சம் பிந்தினாலே கண்டக்டரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற அக்காவா இப்படிப் பேசுகிறாள்? அழகருக்கு வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் ‘தம்பி’ என்றாளே, அது போதும். அந்தச் சொல்லுக்காக அவர் ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது.

கட்டுக்கலையில் அம்மா விட்டுப்போன வீடு அக்கா, தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. கடை நொடித்துப்போய்க் கழுத்தை நெரித்த நேரம், விற்றே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அழகர்தான். நல்லம்மாவுக்கு மனமே இல்லை. நொத்தாரிசு முன்னால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் ஊரான கலஹாவுக்குப் பஸ் ஏறியவள், அதற்குப் பிறகு தம்பி இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வீடு விற்றால் ஒரு மாதத்துக்குள் வரி அறிக்கை கொடுக்க வேண்டும். தம்பி கொடுத்திருப்பான் என்று அக்கா இருந்தாள். அக்கா கொடுத்திருப்பாள் என்று தம்பி இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்க இருவரையும் வீம்பு விடவில்லை. பிந்தியதற்கான அபராதம் இரண்டு பேர் தலையிலும் வந்து விழுந்தது.

மேன்முறையீடு செய்யலாம் என்று இந்த மாடிக்கு வந்த முதல் நாள் கூத்தை ஸெய்னுலாப்தீன் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

“உறுதி அவருகிட்ட இருக்கான்னு கேளுங்க ஐயா” என்பாள் நல்லம்மா.

“இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லுங்க ஐயா” என்பார் அழகர்.

கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவர்தான் தபால்காரர்.

விசாரணை நாளன்று வரி அதிகாரியான சிங்கள அம்மா, கோப்பைப் புரட்டிவிட்டு, அழகரைச் சிங்களத்தில் தம்பி என்றழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏன் மல்லி, அக்காவுக்கு ஒரு போன் கோல் எடுக்க ஏலாமப் போனதா?”

இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. வெளியே வந்ததும் நல்லம்மாதான் முதலில் வாய் திறந்தாள். “சாப்பிட்டியா?”

அன்று தொடங்கிய பழக்கம். மாதம் ஒரு முறை ஸெய்னுலாப்தீனைப் பார்ப்பது, பிறகு வாவிக் கரையில் உட்கார்ந்து அக்கா கட்டிவந்த சோற்றைப் பிரிப்பது.

இன்றும் மழை விட்டதும் அங்கேதான் போனார்கள்.

“கருவாட எடுத்துக்க. எனக்குப் பல்லு வலி” என்று தன் பங்கையும் தம்பியின் பக்கம் தள்ளினாள் நல்லம்மா.

“அக்கா, அன்னைக்கு வீட்டு விஷயத்துல நான்…”

“சோறு திங்கிறப்போ கண்ணு கலங்கக் கூடாது. சாப்பிடு.” சொன்னவளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “அடுத்த மாசம் உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. நான் அவளுக்கும் சேத்துக் கட்டிட்டு வர்றேன்.”

“இந்த அபராத வேலை முடிஞ்சிட்டா என்னக்கா செய்றது?”

நல்லம்மா தண்ணீரையே பார்த்தாள். “அது முடியிறப்போ பாத்துக்குவோம்.”

அவளைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அழகர் திரும்பவும் மாடிப்படி ஏறினார்.

“குடைய மறந்துட்டீங்களா?” என்றார் ஸெய்னுலாப்தீன்.

“இல்ல ஐயா, உங்களுக்கு நன்றி சொல்லணும்.” அழகர் குரலைத் தாழ்த்தினார். “எங்க ரெண்டு பேரு அபராதமும் தள்ளுபடியாகி ரெண்டு மாசமாச்சு. நான் கேட்டுக்கிட்டதுக்காக அத அக்காகிட்ட இன்னும் சொல்லாம இருக்கீங்களே, அதுக்குத்தான். தெரிஞ்சா அவங்க வர்றத நிறுத்திருவாங்க.”

ஸெய்னுலாப்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவங்கட விஷயத்த அவங்களுக்கே மறைக்க எனக்கு ஏலுமா? உங்களுக்குச் சொன்ன அண்டைக்கே அவங்களுக்கும் சொல்லிட்டேன். ‘தம்பிக்கு மட்டும் சொல்லிராதீங்க ஐயா, தெரிஞ்சா அவன் வரமாட்டான்’ எண்டு அவங்களும் கெஞ்சிக் கேட்டாங்க.”