கோணல் மணிக்கட்டு

காலை வெயில் ஏறும் சாந்தோம் மணலில் உட்கார்ந்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் பக்கிரி மூங்கில் பத்தைகளை அவிழ்க்கிறார். முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் காய்ந்த துணி தோலை இழுத்துக்கொண்டு வருகிறது. சிறுமி பிலோமினாவின் மணிக்கட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கூடியிருக்கிறது. கட்டோடு கரைவலை இழுத்திருக்கிறாள். கயிற்றில் கை வைக்காத வீட்டுக்குப் பங்கு மீன் கிடையாது. "திருப்பி ஒடைச்சிக் கட்டினாத்தான் நேராவும்" என்கிறார் அவர். "கோணக் கையோட இவள யாரு கட்டிப்பா?" என்று அம்மா மகளின் தோளை அமுக்குகிறாள். பிலோமினா திமிறி எழுந்து ஓடி, வலை இழுப்பவர்களுக்கு நடுவே நுழைகிறாள். ஈரக் கயிறு அந்த மணிக்கட்டு வளைவில் கொக்கியில் மாட்டியதுபோல் உட்கார்கிறது. வலியில் உதட்டைக் கடித்தபடி பக்கிரியைத் திரும்பிப் பார்க்கிறாள். "இத்த ஒடைச்சிட்டா, எங்க வூட்டுப் பங்குக்கு நீ வந்து இழுப்பியா நைனா?"