பியூபில் என்றால்

கண் கட்டை அவிழ்த்ததும் கிருஷ்ணப்பா முதலில் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை. கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டார்.

நர்ஸ் ஸ்ரீதேவி அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "பியூபில் நார்மல்" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினாள். சித்தூரில், இந்தக் கண் ஆஸ்பத்திரியில், அவளுக்கு இது மூன்றாவது வருடம்.

நேற்று ஆபரேஷனுக்கு முன் இவர் நடுங்கிய நடுக்கத்தை அவள் மறக்கவில்லை. ஒரு கண்ணாவது தேறணும்மா, ஒரு கண்ணாவது தேறணும்மா என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார். கண்புரைக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தாள்.

இன்று பயம் போய்ப் பேச்சு வந்திருந்தது.

"பியூபில்னா ஸ்கூல் புள்ள இல்லியாம்மா? சாந்திபுரம் ஸ்கூல்ல முப்பது வருசம் அட்டெண்டரா இருந்தேன்."

"ரெண்டுக்கும் ஒரே வேர்தான் தாத்தா. லத்தீன் பாஷைல சின்னப் பொம்மைன்னு அர்த்தம். ஒருத்தர் கண்ணைக் கிட்டப் போய்ப் பாத்தா அதுல நாம பொம்மையாட்டம் தெரிவோம். அதான் அந்தப் பேரு."

தெலுங்கில் கனுபாப்ப. தமிழில் கண்பாவை. கிருஷ்ணப்பா இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்கோ இருந்த லத்தீன்காரனும் இதையேதான் பார்த்திருக்கிறான்.

அவருக்கும் பார்க்க ஆசை வந்தது. ஸ்ரீதேவி கிட்டப் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி செல்லியம்மா, கறுப்புக் கண்ணாடியோடு. அந்த வார்டில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடிதான். அவளுக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கும் என்றே ஸ்ரீதேவி எண்ணியிருந்தாள்.

கிருஷ்ணப்பா மனைவியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெளிச்சம் போதாதே என்று ஸ்ரீதேவி டார்ச்சை அடித்தாள்.

வெளிச்சம் பட்டால் பாவை சுருங்க வேண்டும்.

சுருங்கவில்லை. அடுத்த கண்ணிலும் சுருங்கவில்லை.

ஸ்ரீதேவி டார்ச்சை அணைத்தாள். எத்தனை வருடமாக என்று மெல்லக் கேட்டாள்.

"ஏழு வயசுல ஒரு ஜொரம் வந்துச்சு" என்றாள் செல்லியம்மா, யாரோ ஊரைக் கேட்டதற்குப் பதில் சொல்வது போல. பிறகு முகத்தைக் கணவன் பக்கம் திருப்பினாள். "இன்னா, தெரியுதா?"

"தெரியறேன். சின்னதா."

"அப்ப கெளம்பு. வரும்போது ரெண்டு பேரையும் பக்கத்து ஊட்டுக்காரன் கூட்டியாந்தான். இனிமே நீயே கூட்டிக்கினு போ."

கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும், "மூணு படி" என்றார்.