இருநூறாவது தலைமுறை

“எட்டு புள்ளி நாலு மீட்டர்ல பாறை. எழுதி வச்சுக்குங்க!” என்றார் பேராசிரியர், துளையிடும் இயந்திரத்தின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றபடி.

“இன்னும் ரெண்டு மீட்டர் இறங்கினா தெரிஞ்சுடப் போகுது, சார்,” என்றார் டிரில்லர்.

பேராசிரியருக்கு உள்ளுக்குள் உதறல். இதற்கு முன் இரண்டு மனைகளில், அவருடைய கணினி ‘பாறை’ என்று சொன்ன இடத்தில் களிமண் வந்து மானத்தை வாங்கியிருந்தது. இன்றும் சறுக்கினால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுதான். பலித்தால், மருத்துவமனை கட்டப்போகும் இன்னும் பத்து மனைகளும் அவர் கையில். முடிவு சொல்லவேண்டிய மருத்துவமனை நிர்வாகி அம்மாள் குடையும் கையுமாக நின்றார்.

உதறலை மறைக்கப் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரே வழி சொற்பொழிவு.

“மேடம், இரும்புத் தகட்டுல சம்மட்டியால ஓங்கி ஒரு அடி. அந்த அதிர்வு மண்ணுக்குள்ள என்ன வேகத்துல ஓடுதுன்னு கருவிங்க பதிவு பண்ணிடும். அப்புறம் கம்ப்யூட்டர் ஆயிரம் கற்பனை மண்ணைப் பெத்துப் போடும். பதிவோட ஒத்துப்போறது பிழைக்கும், மத்ததெல்லாம் சாகும். பிழைச்சதுங்க கூடிக் குட்டி போடும். இப்படி இருநூறு தலைமுறை! கடைசியா மிஞ்சுறதுதான் நம்ம காலுக்குக் கீழே இருக்கிற மண்ணு.”

“எங்க வீட்ல மூணு தலைமுறையே ஒத்துப்போகலைங்க,” என்றார் நிர்வாகி அம்மாள்.

டிரில்லர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. பூமியைக் குத்திக் குத்திப் பார்த்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு, ஐயா!”

இயந்திரம் நறநறவென்று பல்லைக் கடித்தது. டிரில்லர் குனிந்து அளவைப் பார்த்தார். “பாறைதாங்க. எட்டரை மீட்டர்.”

பத்தே சென்டிமீட்டர் வித்தியாசம்!

“பத்து மனையும் உங்களுக்குத்தான் சார்,” என்று சொல்லிவிட்டு நிர்வாகி அம்மாள் காரில் ஏறினார்.

ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட பேராசிரியர், ஆய்வு மாணவி உட்கார்ந்திருந்த வேனுக்குள் கஷ்டப்பட்டு நுழைந்தார்.

“திரையில இருக்கறதை அப்படியே பிரிண்ட் எடும்மா. சட்டம் போட்டு மாட்டணும்.” மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தவர் நிறுத்தினார். “இதென்ன? கம்ப்யூட்டர் பாறையைத் தேடவேண்டிய ஆழம், எட்டுலேர்ந்து ஒன்பது மீட்டர்னு போட்டிருக்கே? ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும்னுதானே சொன்னேன்?”

“அப்படி விட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை வந்துச்சு சார். அத்தனையும் பதிவோட ஒத்தும் போச்சு. அதான் நேத்து மெஷினை இறக்கினப்போ டிரில்லர் அண்ணன்கிட்ட கேட்டேன். பக்கத்துக் கட்டடத்துக்கு அவர்தான் துளை போட்டாராம். ‘எட்டைத் தாண்டி ஒன்பதுக்குள்ள இடிக்கும்மா’ன்னாரு.”

பேராசிரியர் வேனின் கதவை மெல்லச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பத்து மனைக்குப் பக்கத்துலயும் அவர் துளை போட்டிருக்காரான்னு நைசாக் கேட்டு வை.”